உப்பு போடாத பொங்கல்

பெங்களூரில் விரதம் இருப்பவர்களுக்குப் பசியைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. காலையில் வீட்டை விட்டு இறங்கினால் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ‘ஊட்டா ஆய்த்தா?’ என்று கேட்பார்கள். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். சௌக்கியமா என்று கேட்பதற்குப் பதிலாகக் கன்னடத்தில் கேட்பது. ‘ஆய்த்து’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். சிவராத்திரி அன்று மட்டும் அந்தப் பதில் எனக்கு வாயில் வராது. விரத நாளில் பொய் சொன்னால் அது என்ன விரதம்? இல்லை என்று சொன்னால் நின்று, ஏன், என்ன உடம்புக்கு என்று கால் மணி நேரம் விசாரிப்பார்கள். அதனால் ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி தலையை ஆட்டியே பல வருஷம் ஒப்பேற்றியிருக்கிறேன். ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். அதனாலேயே வருஷா வருஷம் சிவராத்திரி காலையில் நான் கண்ணைத் திறப்பதற்குள் கேட்பார்:

“இன்னா மேடம், ஊட்டா ஆய்த்தா?”

நான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கேன்டீனில் சமையல்காரி. வீடு அல்சூரில். எங்கள் தெருவில் ஒரு சின்ன சிவன் கோயில் இருக்கிறது. பின்னால் தகரக் கொட்டகை, அதில் இரண்டு பெரிய கேஸ் அடுப்பு. சிவராத்திரிக்கு நாலு கால பூஜையும் முடிந்து விடிகிற நேரத்தில், பட்டினி கிடந்து கண் விழித்தவர்களுக்கு அங்கேதான் பந்தி. வெண்பொங்கலும் கத்திரிக்காய் கொத்சும். பதினாலு வருஷமாக அதைச் சமைக்கிறவள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தச் சமையலில் இரண்டு சட்டம். சமைக்கிறவளும் விரதம் இருக்க வேண்டும். சாமிக்குப் படைக்கும் முன் ஒரு சொட்டுகூட யார் நாக்கிலும் படக்கூடாது. மூன்றாவதாக நானே ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: கடைசி இலை எடுத்த பிறகுதான் நான் சாப்பிடுவேன். ருசி பார்க்காமல் சமைப்பது அளந்து போட்டால் நடக்கிற காரியம்தானே என்று நினைக்கலாம். அரிசி, பருப்பு, காய் எல்லாம் தெருக்காரர்கள் கொடுப்பது. ராத்திரி பத்து மணி வரை ஒருவர் மாற்றி ஒருவர் பையோடு வந்துகொண்டே இருப்பார்கள். ரேஷன் அரிசியும் சோனா மசூரியும் ஒரே அண்டாவில் விழும். அதற்கு எந்தப் படியால் உப்பு அளப்பது?

நான் மூக்கால் அளந்தேன். உப்புக்கு ஏது வாசனை என்று கேட்பார்கள். உப்புக்குக் கிடையாதுதான். ஆனால் உப்பு சரியாக விழுந்த பொங்கலில் மிளகும் சீரகமும் எழுந்து வரும். குறைந்தால் ஆவியில் கஞ்சி வாடைதான் அடிக்கும். கொத்சில் உப்பு தூக்கிவிட்டால் புளி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பதினாலு வருஷத்தில் ஒருவரும் ‘உப்பு’ என்று வாயைத் திறந்ததில்லை. எதிர்வீட்டு அக்கா உட்பட. அந்த அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பவர். அடுத்தவர் விரதத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். கல்யாண வீட்டுப் பந்தியில் நெய்யில் குற்றம் சொன்னவர், என் பொங்கலைத் தின்றுவிட்டுப் பேசாமல் கை கழுவப் போவார். அவர் பேசாமல் போவது எனக்குப் பொன்னாடை.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. நான் அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. டாக்டர், ‘திரும்ப வரும், எப்போது என்று சொல்ல முடியாது’ என்றார். வாசனை போனால் ருசியும் அதோடு போய்விடும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். நாக்கில் உப்பு விழுந்தால் உப்பு என்று தெரியும். ஆனால் பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிற மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம். பத்து மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன், வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி. கேன்டீனில் ஸ்பூனால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, கூட இருக்கும் மாஸ்டரிடமும் ஒரு வாய் கொடுத்துச் சமாளித்தேன். தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

சிவராத்திரி நெருங்கியது. மூக்கு இல்லை, நாக்கை விரதம் பூட்டிவிடும். சொன்னால் சமையல் கேட்டரிங்காரர் கைக்குப் போய்விடும். ஒரு தடவை போனது திரும்பி வராது. சொல்லாமல் சமைத்து, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் காய்ந்த வயிற்றோடு உட்காருகிறவர்களுக்கு முதல் கவளமே கரித்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?

“நான்தான் விரதம் இல்லையே. ஒரு ஸ்பூன் குடு, நான் பாத்துச் சொல்றேன்” என்றார் வீட்டுக்காரர்.

“சாமிக்கு முன்னாடி நீங்களா? மத்தியானம் பிரியாணி துன்ன வாயோடயா?”

“வாயக் கொப்புளிச்சிக்கிறேன்.”

“போய் சவாரியப் பாருங்க.”

அவருக்கு சிவராத்திரி என்றால் ராத்திரி முழுக்க கோயில் கோயிலாகச் சவாரி. ஊரே விழித்திருக்கும் ஒரே ராத்திரி, அதைப் போய் கோயிலில் உட்கார்ந்து வீணாக்குவதா என்பார். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திருப்பத்தில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

எங்கள் பூசாரி ஒவ்வொரு வருஷமும் இரண்டாம் காலம் முடிந்ததும் மைக்கில் நாலு வார்த்தை பேசுவார். “உபவாசம்னா பட்டினின்னு அர்த்தம் இல்ல. பக்கத்துல இருக்கறதுன்னு அர்த்தம். சாமி பக்கத்துல இருங்க.” பதினாலு வருஷமும் இதைக் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப் சொல்கிற குரலைக் கேட்கிற மாதிரி. நம் ஸ்டாப் இல்லை என்றால் காதில் ஏறுமா? கோயிலுக்குள் பாதிப் பேர் பாடுவார்கள், பாதிப் பேர் போனில் படம் பார்த்துத் தூக்கத்தைத் துரத்துவார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் சுவரில்கூடச் சாயாமல் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் காலம் முடிந்ததும் அடுப்பை மூட்டினேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷமும் நான் கண் விழித்ததே இல்லை. அண்டாவை ஏற்றிவிட்டு மூட்டையில் சாய்ந்து கண் அசருவேன். அடி பிடிக்கிற வாசனை லேசாகக் கிளம்பினாலே மூக்கு என்னை எழுப்பிவிடும். மூக்கு காவலுக்கு இருந்தது, நான் தூங்கினேன். இந்தத் தடவை அசந்தால் இருநூறு பேர் பொங்கலும் கரி. அண்டாவை விட்டு ஓர் அடி நகர முடியவில்லை. நின்றுகொண்டே கிளறினேன். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். பொங்கல் முதலில் தளதளவென்று கொதிக்கும், பிறகு பொத் பொத்தென்று பேச ஆரம்பிக்கும், அடி இறுகும்போது கரண்டி கையில் கனக்கும். இவ்வளவையும் பதினாலு வருஷமாக அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

பக்கத்தில் இருப்பது என்று பூசாரி சொன்னது அங்கேதான் எனக்குள் இறங்கியது. சாமி கொட்டகைக்கு வரவில்லை, காட்சியும் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றின் பக்கத்தில் முழுசாக நிற்பது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பசியிலும் ஒரு மாற்றம். மற்ற வருஷங்களில் பொங்கல் வேகும்போது அந்த மணத்திலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். வாயால் சாப்பிடாமல் மூக்கால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அதையும் விரதம் என்று சொல்லிக்கொண்டு தெருவில் தலையை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்! மூக்கும் சேர்ந்து விரதம் இருந்தது இந்த வருஷம்தான்.

இப்படியெல்லாம் ஞானம் வந்த அதே நேரத்தில் திருட்டுப் புத்தியும் வந்தது. கொத்சு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாலாம் காலத்துக்கு மணி அடித்தார்கள், எல்லாரும் சாமியைப் பார்த்து நின்றார்கள். கொட்டகையில் நான் மட்டும். உப்பு போடாத கொத்சை ஒரு கரண்டி மொண்டு, அதில் மட்டும் உப்பு கலந்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுக்கொண்டேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டும் போய்விட்டேன். ஒரு சொட்டு. நாக்கு நுனி. நாக்கு சொல்வது சுவருக்கு அந்தப் பக்கத்து ரேடியோதான் என்றாலும், எதுவுமே தெரியாததற்கு அது மேல். யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியும். விரதம் என்பதே யாரும் பார்க்காத இந்த ஒரு சொட்டுதான். பகலெல்லாம் ஊர் பார்க்கப் பட்டினி கிடந்தது பெரிசில்லை. கரண்டியில் இருந்ததைக் கீழே கொட்டிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அதற்காக நான் இன்றைக்கும் என்னை மெச்சிக்கொள்கிறேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

பிறகு உப்பு டப்பாவை எடுத்து, பொங்கலிலும் போடாமல் கொத்சிலும் போடாமல், அம்மியில் கொட்டி மாவாகப் பொடித்தேன். படையலுக்கு இலை போட்டபோது ஓரத்தில் ஒரு சிட்டிகைப் பொடியை வைத்தேன். பூசாரி என்னைப் பார்த்தார்.

“இன்னாக்கா இது, உப்பு தனியா?”

விஷயத்தைச் சொன்னேன். தெருவில் வீட்டுக்காரரைத் தவிர இன்னொருவரிடம் முதல் தடவையாகச் சொன்னது. பூசாரி உப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு, “சரி, சாமியும் கலந்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மணியை எடுத்தார்.

பந்தியில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகு நடுவில் போய் நின்றேன். 

“எல்லாரும் கேட்டுக்கோங்க. பத்து மாசம் முன்னாடி காய்ச்சல் வந்து எனக்கு மூக்கு போயிடுச்சி, வாசனை தெரியல. விரதத்துல ருசி பாக்க முடியாது. அதனால இந்த வருஷம் உப்பே போடல. இலையில உப்பு வச்சிருக்கேன், அவங்கவங்க கலந்துக்கோங்க. உப்ப ஏத்திட்டு மறைக்கிறதுக்கு இது மேல்னு தோணிச்சி.”

 எதிர்வீட்டு அக்காவின் இலைக்கு எதிரில்தான் நான் நின்றிருந்தேன்.

“பத்து மாசமா மூக்கு இல்லாமயா எங்க தெருவுல நடமாடின?” என்றார்.

“ஆமாங்க்கா.”

“ராத்திரி நான் கொட்டாய்ப் பக்கம் வந்து பாத்தேன். நின்னுகினே இருந்த. எப்பவும் மூட்டை மேல தூங்குவியே, இந்த வருஷம் இன்னா பக்தி முத்திப்போச்சின்னு நெனச்சேன்.”

பதினாலு வருஷமாக நான் தூங்குவது தெரிந்தே அந்த மனுஷி வாயைத் திறக்காமல் கை கழுவப் போயிருக்கிறார்! எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அக்கா உப்பை விரலால் தொட்டு, பொங்கலில் பிசைந்து, கொத்சை ஊற்றி ஒரு வாய் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கினார்.

“இன்னும் கொஞ்சம் பொங்கல் வை” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இரண்டாம் தடவை கேட்டது அன்றுதான்.

அதன் பிறகு வாளியைக் கீழே வைக்க எனக்கு நேரமில்லை. கடைசி இலை எடுத்தபோது இரண்டு அண்டாவிலும் எனக்கு ஓர் ஆள் சோறுதான் மிஞ்சியிருந்தது. கொட்டகையில் தரையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரரும் ராத்திரிச் சவாரி முடிந்து, கண் சிவந்து, வண்டியை வாசலில் விட்டுவிட்டு வந்து எதிரில் குந்தினார்.  பொங்கலில் உப்பைப் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

உப்பு நாக்கில் நேராக விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை, என் வாய்க்குள்ளேயே. வாசனை வரவில்லை, மிளகு எங்கே என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் உப்பு, கூர்மையாக, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி உப்பு. பத்து மாதமாக வயிற்றை நிரப்பியிருந்தேன். சாப்பிடுவது அந்த வாயில்தான் தொடங்கியது. அவர் பார்த்துக்கொண்டே இருக்க, இலையை வழித்துச் சாப்பிட்டேன்.

“இன்னா மேடம்,” என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி, “ஊட்டா ஆய்த்தா?”

“ஆய்த்து” என்றேன்.