ஸ்பீக்கர் பக்கத்தில் அப்பா

போன வருடம் ஒரு சனிக்கிழமை மாலை, கோவை சரவணம்பட்டியில் ஒரு திறந்தவெளி உணவகத்தில் நடந்தது இது.

நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து பாடுகிறவர்கள். ஆளுக்கொரு சாதா கிதார், சொந்தமாக எழுதிய பாட்டு, அவ்வளவுதான் எங்கள் இசைக்குழு. 'அழுமூஞ்சி பேண்ட்' என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். அதில் பொய்யில்லை. கூட்டத்தை அதிகம் அழவைத்தது, என் அப்பாவைக் கேள்வி கேட்டு நான் எழுதிய பாட்டு.

கோவையில் என் அறைக்கு வந்திருந்தபோது அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா தறி ஓட்டும் சோமனூர் வீட்டுக்கு போன் அடித்தேன். அன்று அங்கே பவர்கட், விசைத்தறி எதுவும் ஓடவில்லை. அப்பா வீட்டில்தான் இருந்தார், போனும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. விடாமல் அடித்தும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அடித்து, அவர் போய்ச் சொல்லி அப்பா வந்து சேர்வதற்குள் அம்மா போய்விட்டார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கோபம்தான் 'மணி அடித்ததே, ஏன் எடுக்கலை?' என்ற பாட்டானது.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் நிகழ்ச்சி ஒன்றைக்கூட அப்பா தவறவிட்டதில்லை. பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்காருவார். அந்தப் பாட்டுக்கும் எல்லோரும் கை தட்டும்போது அவரும் தட்டுவார். இவ்வளவு கல்நெஞ்சா என்று முதலில் எரிச்சலாக வரும். போகப்போக, தப்பை ஒப்புக்கொண்டுதான் வந்து உட்காருகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு டிரம்ஸுக்கு ஒருவர், எலெக்ட்ரிக் கிதாருக்கு ஒருவர் சேர்ந்தார்கள். முனகியது போதும், இனிச் சத்தமாகப் பாடுவோம் என்று முடிவு செய்தோம். அப்படி நடந்த முதல் நிகழ்ச்சி அது. முன்வரிசையில் இடம் இல்லாததால் ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார் அப்பா. காது போய்விடும், தள்ளி உட்காருங்கள் என்று மேடையிலிருந்து சைகை காட்டினேன். சிரித்தார்.

அந்தப் பாட்டு வந்தது. அதுவரை முணுமுணுத்த வரியை அன்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டாம் முறை பல்லவி வரும்போது பார்க்கிறேன், அப்பா எழுந்து நிற்கிறார். ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பலமுறை கேட்ட பாட்டை மறுபடி கேட்கிறவர் முகம் அப்படி இருக்காது.

மீதியைத் தோழி பாடிச் சமாளித்தாள். நான் இறங்கி ஓடி, வெளியே போய்க்கொண்டிருந்தவரை வண்டிகள் நிற்கும் இடத்தில் பிடித்தேன்.

"ஏனுங்கப்பா, இத்தனை நாளா இந்தப் பாட்டு உங்களுக்குக் கேக்கவே இல்லீங்களா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தறிச் சத்தத்துல காது போயி வெகுநாளாச்சு அம்மணி. நீ பாடறதப் பாக்கத்தான் வருவேன். அன்னிக்கு போன் அடிச்சது எனக்குக் கேக்கல. உங்கம்மா ஒருத்திக்குத்தான் இது தெரியும். போன் வந்தா அவதான எடுப்பா."

இந்தக் காதால்தான் அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது, அதை எந்த வாயால் சொல்வேன் என்றார்.

தறி ஓடுகிற வீட்டில் எல்லோரும் பக்கத்தில் வந்து, முகம் பார்த்து, கத்தித்தான் பேசுவோம். அதில் ஒருவருக்குக் காது கேட்காது என்று எப்படித் தெரியும்? அவர் என்னோடு போனில் பேசியதே இல்லை. பேசப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

இப்போது காதுமெஷின் வாங்கி மாட்டியிருக்கிறார். "நல்ல பாட்டு, நிறுத்திப்போடாத" என்கிறார். எனக்குத்தான் பாட வாய் வரவில்லை. ஊரறிய அத்தனை முறை அவரைக் கேள்வி கேட்ட நான், அது அவர் காதில் விழுந்ததா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது.