வகுப்பறையில் ஒரு பெரட்டு

கட்டைவிரலில் ஒட்டிய ஊதா மை, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் கரித்தூள் போட்டுத் தேய்த்தும் போகாமல் நகக்கண்ணில் மூன்று நாள் கிடந்தது; மூக்கருகே கொண்டுபோனால் பழைய ரப்பரைப் போல ஒரு வாடை வரும். அப்போது எனக்குப் பத்து வயது முடிந்து நான்கு மாதம். கண்டிக்குப் பக்கத்தில் கலஹாவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வது ஒரு வழக்கத்துக்குத்தான். முப்பத்திநான்கு பேர் இருந்த வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்கள் ஒன்பது பேர் இருந்தோம். நாங்கள் உட்கார்ந்தது கடைசி இரண்டு ‘வாங்கு’ப் பலகைகளில். எழுத்துக்களைத் தனித்தனியாகத் தெரியும். அவற்றைச் சேர்த்து ஒரு சொல்லாக்குவதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

நான்காம் வகுப்புவரை என் அருகில் இருந்த புஷ்பம், வாசிப்பு வந்ததும் முன் வாங்குக்குப் போய்விட்டாள். தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லய வரிசையில் அவள் வீடு மூன்றாவது ‘காம்பரா’, எங்களுடையது ஐந்தாவது. ஒரே பாதையில்தான் பள்ளிக்கு நடப்போம், ஆனால் அவள் இருபது அடி முன்னால் போவாள்.

அந்த வருடம் கண்டியிலிருந்து ஓர் இளம் ஆசிரியர் சமூகக்கல்வி கற்பிக்க வந்தார்; காலையில் எங்கள் வகுப்புக்குப் பேர் கூப்பிடுவதும் அவர்தான். ஒரு நாள் அவர் புத்தகத்தை மூடச் சொன்னார். “இன்னைக்குப் பெரட்டு வைப்போம்” என்றதும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. காலையில் கொழுந்து பறிக்கப் போகுமுன் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. அதைப் பார்க்காத பிள்ளை எங்களில் யாரும் இல்லை. ஒருவன் உடனே கங்காணியாகிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஏய், நேத்து எங்க போன? ஒனக்கு அரைப் பேருதான்!” என்று அரைநாள் கூலியை வெட்டினான். ஆசிரியரும் சிரித்தார்.

பிறகு அவர் சொன்னது புத்தகத்தில் இல்லாதது. நாடு சுதந்திரம் பெற்ற கையோடு எங்கள் பாட்டன்மாருக்கு இருந்த பிரஜாவுரிமையும் வாக்கும் போனதை, இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து எங்கள் ஆட்களை எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டதை, வாசிக்கத் தெரியாதவர்கள் தங்கள் கதி எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அது என்னவென்று தெரியாமல் நின்றதை, ஒரு கதைபோலச் சொன்னார். எங்கள் கடைசி வாங்கு முதல்முறையாக ஒரு பாடத்தைக் கடைசிவரை கேட்டது. பிறகு ஆசிரியர் பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவராகப் போய் மையில் கட்டைவிரலை வைத்து, எங்கள் பெயர் எழுதிப் பள்ளிக்கூடச் ‘சீல்’ குத்திய ஒரு காகிதத் துண்டின் மேல் பதித்தோம். துண்டில் இலங்கை என்றிருந்தவர்கள் ஜன்னல் பக்கம், இந்தியா என்றிருந்தவர்கள் கதவுப் பக்கம். என் துண்டில் இருந்தது இரண்டு சொல்லும் அல்ல என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. புஷ்பத்திடம் நீட்டினேன். மனதுக்குள் வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“ஒனக்கு ரெண்டு பக்கமும் எடமில்லடி. நடுவுல நில்லு.”

நடுவில் நான் மட்டும் நின்றேன். அதற்கு விளக்கம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. “துண்ட வீட்டுல காட்டுங்க, பெரியவங்ககிட்ட அவங்க கதையக் கேட்டுட்டு வாங்க” என்று ஆசிரியர் சொன்னது சத்தத்தில் பாதிதான் கேட்டது.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார். அம்மா துண்டை விளக்குப் பக்கம் பிடித்துச் சீலை விரலால் தடவினாள்.

“கைநாட்டு வச்சியா?”

“வச்சேன். எனக்கு எடமில்லன்னு சொல்லிட்டாங்கம்மா.”

“என்னான்னு கேக்காம வைக்கலாமாடி?”

சீல் குத்திய இப்படியொரு காகிதம் வந்துதான் மாமா குடும்பத்தோடு இந்தியாவுக்கென்று கண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறினார். அதனால் அம்மா என்னை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நான் லயத்தில் பிறந்தவள் என்பதையும், பேர் பதியும் வேலையை அப்பா இன்று நாளை என்று விட்டுவிட்டதையும், மருத்துவிச்சியின் வாய்ச்சொல்லை நம்பித்தான் பள்ளியில் சேர்த்தார்கள் என்பதையும் அன்றுதான் என்னிடம் சொன்னாள். பள்ளிக்கூடம் அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். வாசிக்கத் தெரிந்த எவரிடமாவது காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவரிடம் போன விஷயம் கணக்கப்பிள்ளையிடம் போகும் என்பது அவள் பயம். “யாருகிட்டயும் மூச்சு விடாத” என்று சொல்லிவிட்டு, மறுநாள் என்னை உள்ளே விட்டு, வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

அப்படிப் பதினொரு பள்ளி நாட்கள் போயின. சனி, ஞாயிறு இதில் சேராது. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் பள்ளி மணி எங்கள் காம்பராவரை கேட்கும். அதற்குச் சற்று முன்னால் பிள்ளைகள் வாசலைக் கடந்து போவார்கள். புஷ்பத்தின் குரலும் போகும். அது நின்று என் பெயரைக் கூப்பிடும் என்று முதல் சில நாட்கள் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கு வேறு வேலை இல்லாததால் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பெயருக்குக் கீழே ஆறு எழுத்துக்கள். ஒவ்வொன்றாகச் சொல்லி, மறந்து, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி மறந்து, பகல் முழுவதும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்ததால், பதினோராம் நாள் அவை ஒன்றுசேர்ந்தன. நான் உதவியின்றி வாசித்த முதல் சொல் அது.

“நாடற்றவர்னா என்னம்மா?”

உலை வைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். “யாரு வந்தா? யாரு சொன்னா ஒனக்கு?”

“வாசிச்சேன்.”

அவள் என்னையும் துண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்தச் சொல்லைக் காதால் அவள் எத்தனையோ தடவை கேட்டிருப்பாள். மறுநாள் காலை மணி அடிக்கும் நேரத்துக்கே மலையில் பாதியில் வேலையை விட்டுவிட்டு வந்து, தலையில் கூடைக்கயிற்றோடு என்னைப் பள்ளிக்கு இழுத்துப் போனாள்.

வகுப்பு வாசலில் நின்று, “சார், புள்ளைக்குப் பேரு பதியாதது எங்க தப்புதான். அதுக்காக அவள வெளிய போட்றாதீங்க. இப்ப வாசிக்கிறா சார்” என்றாள்.

ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. “பிள்ள வரலயா? எத்தன நாளா?” என்று கேட்டுக்கொண்டே வரவு இடாப்பைத் திறந்தார். என் பெயருக்கு நேரே பதினொரு பூச்சியங்கள், அவர் கையாலேயே போட்டவை. பெயரைக் கூப்பிட்டிருக்கிறார், பதில் இல்லாதபோது பூச்சியம் போட்டிருக்கிறார், அடுத்த பெயருக்குப் போயிருக்கிறார். அவற்றை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

“இது வெளையாட்டும்மா. பாடத்துக்காகச் செஞ்சது.”

“வெளையாட்டா? சீல் குத்தியா சார்?”

அவர் துண்டை வாங்கிக் கிழிக்கப் போனார். அம்மா எட்டி அதைப் பறித்துக்கொண்டாள்.

“கிழிக்காதீங்க சார். எம்புள்ள பேரு எழுதி சீல் வச்ச கடுதாசி இது ஒண்ணுதான் இருக்கு.”

முன் வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. பிறப்புப் பதிவுக்கான விண்ணப்பத்தை அவரே எழுதிக் கொடுத்தார். அம்மா கண்டிக்கு ஐந்து முறை நடையாக நடந்து, ஒரு வருடமும் இரண்டு மாதமும் கழித்துப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. என்னை முன் வாங்குக்கு மாற்றினார்கள். அங்கே யாரோடும் எனக்குப் பேச்சுப் பழக்கமில்லை, புஷ்பத்தோடும் முன்போல இல்லை. பின்னால் இருந்த எட்டுப் பேரும் என்னைத் தங்களில் ஒருத்தியாக நினைப்பதை விட்டார்கள். வருடம் முழுவதும் என் பெயர் ‘நாடற்றவ’. ஆசிரியர் மறுபடி பெரட்டு வைக்கவில்லை. புத்தகத்தை வாசித்தார், பின் வாங்கு தூங்கியது.

எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. கெலிஓயாவில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கச் சிரமப்படும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். பிரஜாவுரிமைப் பாடத்தைத் துண்டு கொடுத்து நடத்துவதில்லை; வாயால் சொல்கிறேன். எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள், தண்டவாள மணியும் இல்லை. என் மாணவர் வீடுகளில் எல்லோரிடமும் அடையாள அட்டை இருக்கிறது. நாடற்றவர் என்ற சொல்லையே நான் விளக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த வருடம் முதல்முறையாக என் கதையைச் சொன்னேன். ஒரு வரி வாசிக்க ஐந்து நிமிடம் எடுக்கும் லக்ஷிகா, பிரஜாவுரிமை பற்றி எதுவும் கேட்கவில்லை.

“பதினொரு நாளா டீச்சர்? ஒருத்தர்கூட ஒங்கள தேடி வரலயா?”

“வரல.”

“அந்தப் புஷ்பம்கூடவா?”

“வரல” என்றேன்.

“செம ஃப்ரெண்டு டீச்சர் அவ” என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்தபோது, நான் சொன்ன ‘வரல’ சரிதானா என்று சந்தேகம் வந்தது. ஒரு மத்தியானம் நான் தூங்கியிருக்கலாம், அவள் வந்து கதவைத் தட்டியிருக்கலாம், நாதாங்கியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம், அல்லது அம்மாவிடம் கேட்டு அம்மா ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. புஷ்பத்தின் குடும்பம் நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது தோட்டத்தை விட்டுப் போனது, எங்கே என்று தெரியாது; அதுவரை நான் அவளிடம் கேட்டதும் இல்லை. யாரும் வரவில்லை என்று எழுதினேன். இதைச் சரிபார்க்க இப்போது ஆள் இல்லை என்று அதற்குக் கீழே எழுதினேன்.