நாலாவது செல்

பிளக்கைப் பிடுங்கிய கையோடு வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு. மகன் வீட்டுச் சமையலறைச் சுவரில் புறப்பட்டு, துணிக்கொடிக்குக் கீழே ஓடி, பின்பக்கம் நிற்கும் அவளுடைய டிரெய்லருக்குள் போகிற வயர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் ஒற்றை அறை வண்டி அது. ஓய்வுபெற்ற மாதமே வாங்கினாள். கடலோரம், காட்டோரம் என்று நாலு வருடம் சுற்றினாள். கார் படுத்துக்கொண்டதும் வண்டி இங்கே வந்து நின்றது. அவளும் அதிலேயே இருந்துவிட்டாள்.

வயரைக் கொடுத்தது மகன். அதன் ஸ்விட்ச் அவன் சமையலறையில் இருந்தது. சாப்பாடு தயாரானால் அதை இரண்டு முறை அணைத்துப் போடுவான். டிரெய்லரில் விளக்கு போய்ப் போய் வரும்; அவள் எழுந்து வரவேண்டும். ஆறு மாதமாக வந்துகொண்டுதான் இருந்தாள். இன்று ரேடியோச் செய்தியில் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்தது.

சுருட்டிய வயரைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில், தட்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உன் வயர். பத்திரமா வச்சுக்கோ. இனிமே என்னைக் கூப்பிடணும்னா நடந்து வந்து கதவைத் தட்டு."

"அடுப்புல வேலையா இருக்கும்போது எங்கம்மா நடக்கறது? ஸ்விட்ச் கைக்கு எட்டுது, போடறேன்."

"எட்டுதுன்னா அணைச்சுடுவியா? நான் என்ன குண்டு பல்பா?"

மருமகள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். அது புரையேறியது.

"சரி, கரண்டுக்கு என்ன பண்ணுவே?" என்றான் மகன். "உன் பேட்டரி ரெண்டும் செத்துப்போச்சுன்னு மெக்கானிக் போன வாரமே சொல்லிட்டான்."

"அவன் கார் மெக்கானிக்."

"அப்ப நீயே உயிர் கொடு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டைம். உன் பேட்டரில விடிய விடிய விளக்கு எரியட்டும், நான் வாயே திறக்கல. எரியலன்னா வண்டியை வித்துட்டு மாடி ரூமுக்கு வந்துடணும். பேச்சு மாறக்கூடாது."

"நான் என்னிக்குடா மாறினேன்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். இடுப்பளவு உயரக் கண்ணாடித் தொட்டிகள், வரிசை வரிசையாக; தொட்டி ஒன்று ஒரு செல். ஒவ்வொன்றிலும் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை விட்டு ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். மிதவை உயர நின்றால் செல்லில் சார்ஜ் இருக்கிறது, தாழ்ந்தால் இல்லை. ஆசிட் பட்டுப் பொத்தலாகாத உடுப்பே அவளிடம் கிடையாது. ஆசிட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை, மேலிடத்து ஆய்வுக்கு முதல் நாள், எல்லாச் செல்லுக்கும் ஒரே நல்ல எண்ணாகப் போடச் சொன்னார் அதிகாரி. "நீங்களே எழுதிக் கையெழுத்தும் போடுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள். அதன்பின் பதவி உயர்வு வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

டிரெய்லரில் கட்டில் பலகையைத் தூக்கினாள். அடியில் பேட்டரிகள் இரண்டும் ஒன்றோடொன்று கோர்த்தபடி தூசியில் கிடந்தன. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வயர் வந்த சௌகரியத்தில் ஆறு மாதம் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்காகத் தன்னையே ஒரு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

கார் பேட்டரி ஒரு மூச்சில் காரைக் கிளப்பிவிட்டு ஓய்ந்துவிடும். இவை சாவகாசமாகக் கொடுக்கப் பிறந்தவை, வாங்குவதும் சாவகாசமாகத்தான். போன வாரம் மெக்கானிக் இரண்டையும் கோர்த்தபடியே பெரிய சார்ஜரில் போட்டு, இரண்டு மணி நேரத்தில் பச்சை விளக்கு வந்ததும் கழற்றினான். மாலைக்குள் இரண்டும் காலி. செத்துப்போச்சு என்றான். கோர்த்திருந்தால் கெட்டது நல்லதன் சார்ஜைக் குடித்துவிடும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டையும் பிரித்தாள். தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் சுத்தத் தண்ணீர் விட்டாள். ஏணி போட்டு ஏறி, கூரையில் இருந்த சோலார் பலகையில் காக்கை எச்சத்தைத் தேய்த்துக் கழுவினாள். முதல் பேட்டரிக்கு மூன்று நாள் வெயில், இரண்டாவதற்கு மூன்று நாள். அதுவரை ஒரு பல்பைக்கூடப் போடவில்லை. பொழுது சாய்வதற்குள் காஸ் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தாள். திங்கட்கிழமை மேகம் மூடியது. ஏணிமேல் நின்று வானத்தை முறைத்துவிட்டு இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மருமகள் மெழுகுவத்தியோடு வந்தாள்.

"அவருக்குத் தெரியாது, அத்தை."

"எடுத்துட்டுப் போ. அப்புறம் அதுலதான் ஜெயிச்சேன்னு சொல்லுவான்."

மருமகள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "இங்க இன்னொரு படுக்கை இருக்கா?"

"இருக்கு. குறட்டை விட்டா வெளியே தள்ளிடுவேன்."

சனிக்கிழமை காலை மிதவைக் குழாயை எடுத்தாள். முதல் பேட்டரிக்குள் இருந்த ஆறு செல்லும் நன்றாக இருந்தன. இரண்டாவதில் மூன்று செல் வரை மிதவை துள்ளி நின்றது. நாலாவதில் அடியிலேயே கிடந்தது. குழாயைக் கழுவி மறுபடி பார்த்தாள். அப்போதும் எழவில்லை.

மதியம் மகன் மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். அவன் மீட்டரை முதல் பேட்டரியில் வைத்தான். பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது; நல்ல எண். சோலார் வயரை அப்போதுதான் கழற்றியிருந்த இரண்டாவதில் வைத்தான்.

"பதிமூணு! ஃபுல்லும்மா. என்ன மந்திரம் போட்டீங்க?"

மகன் முகத்தில்கூட ஒரு நிம்மதி தெரிந்தது. அவள் சும்மா இருந்தால் போதும், இரண்டும் நல்லவை என்றாகிவிடும். யாரும் இனி நாலாவது செல்லைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

"இப்பத்தானே வெயில்லேர்ந்து கழட்டினது, அது மேலோட்டமான எண்ணு தம்பி," என்றாள். "ஒரு பல்பை மாட்டி ரெண்டு மணி நேரம் விடு. அப்புறம் வை."

"நல்லா வந்திருக்கே, எதுக்கும்மா?"

"ரெண்டு மணி நேரம்."

மெக்கானிக் மகனைப் பார்த்தான். "எங்கம்மா இப்படித்தான்," என்றான் மகன்.

இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் பதினொன்றுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"இது செத்துப்போச்சு," என்றாள். "நீ சொன்னதுல பாதி சரி தம்பி. எடுத்துட்டுப் போ."

"அப்ப பாதி தோத்துட்டேல்ல?" என்றான் மகன்.

"பாதி போதும். எனக்கு ஒரு விளக்கு, ஒரு ரேடியோ. ஃபேன் வேண்டாம், ஜன்னல் இருக்கு."

"ஒத்தை பேட்டரி விடியற வரைக்கும் தாங்குமா?"

"அதைக் காலைல வந்து பாரு. நடந்து வா."

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய பழைய மீட்டர் பன்னிரண்டரைக்குச் சற்றுக் கீழே காட்டியது. நோட்டில் எழுதி, விளக்கை அணைத்து, சோலார் வயரை மாட்டினாள். கெட்ட பேட்டரி இருந்த இடத்தில் செருப்புகளை வைத்தாள். மதியம் ஒரு மணிக்கு மகன் சாப்பிடக் கூப்பிட வந்து கதவைத் தட்டினான். ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் வருவதாகச் சொன்னாள். அவன் படியில் உட்கார்ந்து காத்திருந்தான்.