ஒரு தாளில் மட்டும் இருந்த படிக்கட்டு

அந்தப் பெரிய தாளின் ஒரு மூலை சுருண்டு எழுந்துகொண்டே இருந்தது. மின்விசிறிக் காற்றில் அது படபடத்தபோது, அக்கா குனிந்து தன் இடது கையால் அதை அழுத்திப் பிடித்தார். அந்தக் கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்காது. நீட்டியபடியே நின்ற அந்த இரு விரல்களுக்கும் கீழே, நான் வரைந்த கட்டடத்தின் பின்மூலை இருந்தது. அங்கே ஒரு படிக்கட்டு. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. 

அப்போது நான் தென்காசியில் ஓர் எஞ்சினியர் சாரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டடக்கலை படித்து முடித்து மூன்றாவது ஆண்டு. வீடுகள், ஒன்றிரண்டு கல்யாண மண்டபங்கள் என்று வரைந்துகொண்டிருந்த எங்களுக்கு முதன்முதலாக ஒரு பெரிய வேலை வந்தது. குற்றாலம் போகும் மெயின் ரோட்டில், முகப்பு முழுக்கக் கண்ணாடியாக, மூன்று மாடியில் ஒரு ஜவுளிக்கடை. கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அதே ரோட்டில் சற்றுத் தள்ளி அவருடைய பழைய கடை இருந்தது. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவர் அங்கே சேலைப் பிரிவின் பொறுப்பாளர். இலஞ்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இருபது வருடமாக அதே கடை, அதே மாடி. முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

அண்ணாச்சியின் புதுக்கடைக்கு நாங்கள் இரண்டு வரைபடங்கள் தயார் செய்திருந்தோம். ஒன்று அனுமதிக்காக அரசு அலுவலகத்தில் கொடுப்பது. மற்றொன்று, உண்மையில் கட்டப்போவது. முதலாவதில் பின்மூலையில் இரண்டாவதாக ஒரு படிக்கட்டு இருக்கும். இரண்டாவதில் அதே இடத்தில் சரக்கு லிஃப்டும் கிடங்கும் இருக்கும். “தீபாவளிச் சரக்கத் தலையிலயா வச்சிக்கிட்டு நிக்க முடியும்?” என்று அண்ணாச்சி கேட்டார். சார் மறுபேச்சு பேசவில்லை. இரண்டையும் வரைந்தது நான்தான். கம்ப்யூட்டரில் அந்தப் படிக்கட்டை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எந்த மாடியில் எந்தக் கவுண்டர் வரவேண்டும் என்று அக்காவிடம் கேட்டு வரச் சொல்லி அண்ணாச்சிதான் என்னை அனுப்பினார். கட்டப்போகும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனேன். சேலை விரித்துக் காட்டும் மெத்தையில் அதைப் பரப்பி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். வெயில் விழுகிற பக்கம் பட்டு வைக்கக் கூடாது, ஒரு மாதத்தில் நிறம் வெளுத்துவிடும் என்றார். பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறை ஒவ்வொரு மாடியிலும் வேண்டும், மூன்று மாடி இறங்கிப் போக யாருக்கும் நேரம் கொடுக்கமாட்டார்கள் என்றார். நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசியில் தாளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எம்மா, பின்னால எறங்க வழி இல்லையா?”

“முன்னால உள்ள படி நல்ல அகலமாத்தான் இருக்குக்கா” என்றேன்.

அவர் தன் இடது கையை என் முன்னால் நீட்டினார். சில தீபாவளிகளுக்கு முன்னால் பழைய கடையின் மின்சாரப் பெட்டியிலிருந்து புகை வந்திருக்கிறது. தீ இல்லை, வெறும் புகைதான். யாரோ கத்த, மாடியில் நின்ற கூட்டம் முழுவதும் ஒரே படிக்கட்டுக்கு ஓடியது. படி திரும்புகிற இடத்தில் அக்கா கைப்பிடிக் கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். “கம்பியப் புடிச்ச கைய எடுக்க முடியல. எனக்குப் பின்னால ஒருத்தி பிள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கா. நான் கைய விட்டா அவ விழுந்துருவா. அப்படியே நின்னேன்” என்றார். குரலில் பெருமையோ புகாரோ இல்லை. சேலைக்கு விலை சொல்வதுபோல்தான் சொன்னார்.

அலுவலகம் திரும்பியதும் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அப்ரூவல்ல இருக்குல்லா, பிறகென்ன?” என்றார். அந்தப் பதிலின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த வாரம் வரைபடத்தை ஆய்வு செய்ய அதிகாரி வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. காலையிலேயே காலி மனையில் நின்று ரோட்டையும் அளந்து பார்த்துவிட்டார். அங்கே நிழல் இல்லாததால் பழைய கடையின் மேல்மாடியில் உட்கார ஏற்பாடு. அதிகாரி, அண்ணாச்சி, சார், நான். என் தோளில் தொங்கிய கறுப்புக் குழாயில் இரண்டு வரைபடங்களும் இருந்தன. ஆய்வு முடிந்ததும் அப்படியே மேஸ்திரியிடம் போய் இரண்டாவதைக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தக் குழாயைச் சுவரில் சாய்த்து வைக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மேடம் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அதுதான் கூடுதல் பயமாக இருந்தது. சீசன் நேரத்தில் குற்றாலம் போகிற வண்டி முழுக்க இந்த ரோட்டில்தான் நிற்கும், உங்கள் கடைக்கு வருகிற வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார். முன்னால் விட்டிருந்த இடம் போதாது, இன்னும் உள்ளே தள்ளுங்கள் என்றார். மேற்கு வெயில் முழுவதும் அந்தக் கண்ணாடியில் பட்டு எதிரே வருகிற டிரைவர் கண்ணில் அடிக்குமே, யோசித்தீர்களா என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணாச்சியின் முகம் ஒரு சுற்றுக் கறுத்தது. சார் எல்லாவற்றுக்கும் “மாத்திருவோம் மேடம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பென்சிலால் குறித்தேன். 

பிறகு அவர் கேட்டார்: “தீபாவளி சமயத்துல மேல்மாடியில ஒரே நேரத்துல எத்தனை பேர் இருப்பாங்க?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். எங்கள் யாருக்கும் தெரியாது. “அவகிட்டக் கேட்டாத் தெரியும்” என்று அண்ணாச்சியே கீழே எட்டிப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. “வேலைக்காரங்க முப்பது பேரு. வாங்க வாரவங்க எரநூறுக்குக் கொறையாது மேடம். பிள்ளைகளச் சேக்காம” என்றார். மேடம் எழுதிக்கொண்டார். அப்போதுதான் தாளின் மூலை சுருண்டது. அக்கா அதை அழுத்திப் பிடித்தார். பார்த்தார்.

“இதுல பின்னால படி இருக்கே” என்றார். அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை என்னால் மறக்கவே முடியாது. தான் சொன்னதைக் கேட்டு நான் மாற்றிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். என் பக்கம் திரும்பி, “அன்னைக்கு நீ காட்டுன படத்துல இல்லையே எம்மா?” என்றார்.

 மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “வேற படம் இருக்கா?” என்று என்னிடம்தான் கேட்டார்.

“அது பழசு மேடம். மாத்திட்டோம்” என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தயங்காமல், அவ்வளவு சுலபமாக வந்தது.

அக்கா என்னையே பார்த்தார். “பழசா? போன செவ்வாக்கெழமைதான காட்டுன? அந்தக் கிடங்குக்கு எத்தன அடுக்கு வேணும்னு கேட்டியே?”

அண்ணாச்சி சிரித்தார். “அவளுக்குப் படம் பாக்கல்லாம் எங்க தெரியும் மேடம். ஏட்டி, கீழ போ. ஆளு நிக்காங்கல்லா.”

அக்கா நகரவில்லை. அந்தக் கடையில் அண்ணாச்சி போ என்றால் நிற்கிறவர்கள் கிடையாது.  “போறேன் அண்ணாச்சி. எனக்குப் படம் பாக்கத் தெரியாதுதான். ஆனா பொகை வந்தா எல்லாரும் எந்தப் பக்கம் ஓடுவாங்கன்னு தெரியும். நானும் ஓடியிருக்கேன்” என்றார். தாளிலிருந்து கையை எடுத்தார். மூலை மறுபடி சுருண்டது. அவர் படியில் இறங்கிப்போகும் காலடிச் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

மேடம் என்னிடம் இரண்டாவது முறை கேட்டார். “பழசுதானா?”

என் கை குழாயின் மூடிக்குப் போனது. சார் மெதுவாக, “எம்மா” என்றார். அந்த ஒரு சொல்லில் கெஞ்சலும் மிரட்டலும் சேர்ந்திருந்தன. மூடி இறுகிப்போயிருந்தது; இரண்டு முறை வழுக்கி மூன்றாவது முறைதான் திறந்தது. உள்ளே இருந்த தாளை உருவி மேடத்திடம் கொடுத்தேன். “இதுதான் கட்டப்போறது மேடம்” என்றேன். 

அவர் எழுந்து இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தூண், சுவர், வாசல் என்று எல்லாக் கோடுகளும் பிசகாமல் பொருந்தின. பின்மூலையில் மட்டும் படிக்கட்டின் கோடுகளும் கிடங்கின் கோடுகளும் பின்னிச் சிக்கிக் கிடந்தன.  பிறகு அண்ணாச்சியிடம், “ரெண்டையும் நான் எடுத்துட்டுப் போறேன். புதுசா ஒரே ஒரு படம் கொண்டாங்க. பணி நிறைவுச் சான்று தர நானே வந்து அந்தப் படியில ஏறிப் பாப்பேன்” என்றார். 

மறுநாளே எனக்கு வேலை போயிற்று. சார் கோபப்படவில்லை. “உன்மேல தப்புன்னு சொல்லல. ஆனா இனிமே எந்த முதலாளி நம்மள நம்பி வருவான்?” என்றார்.  ஒரு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் வேறு இடம் கிடைத்தது. அக்காவைச் சேலைப் பிரிவிலிருந்து எடுத்து, கிடங்கில் விலைச்சீட்டு ஒட்டப் போட்டுவிட்டார்கள் என்று அந்தக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் சொன்னாள். கொஞ்ச நாளில் அவர் நின்றுவிட்டார் என்றும் சொன்னாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று, தென்காசி வீட்டுக்கு வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தேன். போகவில்லை.

கட்டடம் வந்துவிட்டது. முகப்பில் பாதிதான் கண்ணாடி. பின்னால் படிக்கட்டு இருக்கிறது. ஒரு தடவை கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் பார்த்தேன். கீழ்ப்படி ஓரத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நிர்வாகியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். யார் நீங்கள் என்று கேட்டார். சேலை வாங்க வந்தவள் என்றேன். எடுத்தார்கள். இந்தக் கதையைக் கேட்கிற நண்பர்கள், எவ்வளவு தைரியம் உனக்கு என்பார்கள். மேடத்திடம் ‘பழசு’ என்று சொன்ன அந்த முதல் பதிலை நான் அவர்களிடம் சொல்வதில்லை.

இந்தச் சாரல் சீசனுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தேன். அருவியில் குளித்துவிட்டு வரும் வழியில் துண்டு, நைட்டி தொங்கவிட்டிருந்த ஒரு சிறிய கடை. மழைக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார். அக்கா. தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கணவரையும் மகளையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் நின்றேன். நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

“எக்கா, அன்னைக்கு நான் மொதல்ல பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

“தெரியும்” என்றார், கயிற்றை முடிந்தபடி. “கோவமாத்தான் இருந்துச்சு. ரொம்ப நாளு இருந்துச்சு.”

“பிறகு அந்தத் தாள எடுத்துக் குடுத்தேன்க்கா.”

“அதுவும் தெரியும். ஆனா எனக்கு எப்பத் தெரியும்? ரெண்டு வருசங் கழிச்சு, அங்கன வேல பாக்குற பிள்ள ஒருத்தி துண்டு வாங்க வந்தா. அவ சொல்லித்தான் தெரியும்.” முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அதுவரைக்கும் நான் ஒருத்திதான் சொன்னேன், நாந்தான் புத்திகெட்டுப் போயி வேலையத் தொலச்சேன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். நீயும் சொன்னேன்னு தெரிஞ்சிருந்தா மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். ஒரு எட்டு வந்து சொல்லியிருக்கலாம்லா?”

தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவே இருப்பது சில நிமிடப் பஸ் பயணம். இத்தனை ஆண்டுகளாக நான் வருந்திக்கொண்டிருந்தது வேறு ஏதோ தவறுக்காக என்று அப்போது உணர்ந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மழை வலுத்தது. தெருவில் நனைந்தபடி ஆட்கள் ஓடினார்கள். அக்கா ஸ்டூலின் மேலிருந்த துண்டுக் கட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நனையாத. இங்கன உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன்.