அடிவரை போகும் கை

ஜூடியின் வலது கை முழங்கைவரை வெண்டைக்காய்க்குள் இருக்கிறது. மேலே கிடக்கும் காய்களை அவள் பார்ப்பதே இல்லை. கையை நேராகப் பிளாஸ்டிக் கிரேட்டின் அடிக்கு விட்டு, அங்கிருந்து ஒரு காயை எடுத்து நுனியை ஒடிக்கிறாள். பட்டென்று ஒடிந்தால் இளசு. நாராகத் தொங்கினால் முற்றல். "மேல கீறது எல்லாம் மாப்ள மாதிரிதான் கீது. கீய இன்னா கீதுன்னு பாக்கணும்ல" என்கிறாள். சொந்த அக்கா அனுப்பிய சரக்கானாலும் கை அடிவரை போகாமல் சீட்டு ஒட்ட மாட்டாள்.

திருவொற்றியூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு காலத்தில் போல்ட்டு கடைந்துகொண்டிருந்த பட்டறைதான் இப்போது அவளுடைய ஷெட். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருக்கிற முப்பத்திரண்டு பேர் விடியலில் பறித்ததை லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஆறரைக்குள் எல்லாம் வந்துவிடும். பிரித்து, எடை போட்டு, யார் வயல் என்று சீட்டு ஒட்டி எட்டு மணிக்குக் கம்பெனி வண்டியில் ஏற்ற வேண்டும். எட்டைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிடும். அப்புறம் காய் நடு ரோட்டிலேயே வெந்துபோகும். வண்டி போய்ச் சேரும் குளிர் கிடங்கிலிருந்து பெரிய கடைகளுக்கும், போனில் ஆர்டர் போடும் வீடுகளுக்கும் சரக்கு பிரியும். கம்பெனிக்குத் தினமும் ஒரே அளவில் காய் வேண்டும். வயலுக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஜூடியின் வேலை.

அதற்கு முன் இருபது வருஷம் காசிமேட்டு மீன் துறைமுகத்தில் இறால் பிரித்தாள். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற கை அது. ஐஸிலேயே கிடந்ததில் விரல் நுனிகள் மரத்துவிட்டன; சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது. அதனால் எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. வெண்டைக்காயில் கீறல் விழும் என்று வலது கையில் வளையல் போடுவதில்லை. இத்தனைக்கும் காய்கறி அவள் தட்டில் ஏறாது. மீன் இல்லாத நாளில் ஊறுகாய். "நான் துன்றதுக்கா பாக்கறேன், துன்றவங்களுக்குப் பாக்கறேன்" என்பாள்.

மீஞ்சூருக்கு உள்ளே ஐம்பது சென்ட் குத்தகைக்கு எடுத்து வெண்டை போட்டிருக்கும் அங்கம்மாவின் சரக்கைக் கம்பெனி ஏற்கெனவே இரண்டு முறை திருப்பியிருந்தது. ஒருமுறை முற்றல், ஒருமுறை நீளம் அதிகம். மூன்றாவது முறை திருப்பினால் பட்டியலில் பெயர் இருக்காது. அப்புறம் பழையபடி மூட்டையைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே கோயம்பேட்டுக்குப் பஸ் பிடித்து, மண்டிக்காரர் கண் பார்க்கும்வரை நிற்க வேண்டும். அந்தப் பயத்தில் போன ஆடி மாதம் அவள் ஒரு காரியம் செய்தாள். நாலு கிரேட் காயையும் தொட்டித் தண்ணீரில் அலசி, பளபளவென்று அனுப்பினாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் குளிப்பாட்டி நிறுத்துவதில்லையா, அப்படி.

சந்தைக்குப் போகும் காய்க்கு அது சரி. தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு போட்டால்தான் அங்கே விலைபோகும். குளிர் கிடங்கில் ஈர வெண்டைக்காய் மறுநாளே கறுத்துக் கொழகொழத்துவிடும், பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும்.

ஆறரைக்கு ஜூடியின் கை அடியிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வந்தது. கூடவே ஆட்டோவில் வந்திருந்த அங்கம்மா பாராட்டை எதிர்பார்த்து நின்றாள்.

"இன்னாமே இது, ஞானஸ்நானம் குட்த்து இட்டாந்துகீறே?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்க்கா..." என்ற அங்கம்மா, ஈரக் காய் கிடங்கில் கறுத்துவிடும் என்று கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜூடி அவளைத் தேற்றவில்லை. அழுதால் காய் காயாது என்று சொல்லி எழுப்பினாள். மூலையில் சுருட்டிக் கிடந்த பழைய வலையை இரண்டு தூண்களுக்கு நடுவில் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டச் செய்தாள். இறால் காலத்துக் கூட்டாளி கோவிந்தம்மாவைக் கூப்பிட்டு, காயை வலைமேல் பரப்பி, நாலு மின்விசிறிகளை வலைக்குக் கீழே வைக்கச் சொன்னாள். துணியால் துடைக்கப்போன அங்கம்மாவின் கையைத் தட்டிவிட்டாள். துடைத்தால் காயின் மேலிருக்கும் மெல்லிய சுணை போய்த் தோல் கன்றிவிடும். தொடாமல் காற்றில் விடுவது ஒன்றுதான் வழி. மற்ற முப்பத்தோரு பேரின் சரக்கைப் பிரித்துக்கொண்டே, போகும்போதும் வரும்போதும் வலைமேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

எட்டுக்கு வண்டிக்காரர் ஹாரன் அடித்தபோது மூன்று கிரேட் காய்ந்திருந்தது. நாலாவது ஏறவில்லை. இன்னும் பத்தே நிமிஷம் என்று அங்கம்மா கெஞ்சினாள். ஜூடி கேட்கவில்லை. முப்பத்தோரு பேர் சரக்கு வண்டியில் இருக்கிறது என்றாள்.

வண்டி கிளம்பியதும் கம்பெனிக் கிடங்கில் தரம் பார்க்கும் ஜீஷானுக்குப் போன் போட்டாள். வியாசர்பாடிக்காரன், தப்பென்றால் சொந்தத் தோஸ்து சரக்கையும் திருப்பிவிடுவான் என்று பெயர். அங்கம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"நைனா, மூணு பொட்டி ஈரம் பட்டது. காயவச்சி அனுப்பிகீறேன். குளிர் ரூம்ல ஏத்தாத, வெளிய வச்சிப் பாரு. மொதல்ல போற கடைக்கு அனுப்பு."

சொல்லியிருக்காவிட்டால் தனக்குத் தெரிந்தே இருக்காதே, எதற்குச் சொல்கிறீர்கள் ஆன்ட்டி என்று அவன் கேட்டான்.

"நாளிக்கு கறுத்தா தெரியும்ல? கெட்டுச்சின்னா என் ஷெட் பேர்ல எய்து. அவ பேர்ல எய்தாத. என் கைக்கு வந்தப்புறம் அது என் சரக்கு."

நாலாவது கிரேட்டைக் கொருக்குப்பேட்டையில் லோடுமேன்களுக்குச் சமைக்கும் மெஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று அங்கே காரக்குழம்பு. பதினொரு மணிக்கு ஜீஷானிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: ஓகே. ஜூடி போனை அங்கம்மாவிடம் நீட்டினாள். அதோடு ஒரு வேலையும் சொன்னாள். இனி இலை ஈரம் உலர்ந்த பிறகுதான் பறிக்க வேண்டும், ஆட்டோ கடைசியாக அவள் வயலுக்கு வரும், அவள் சரக்கு மட்டும் ஏழரைக்கு ஷெட்டுக்கு வந்தால் போதும். தொட்டிப் பக்கமே போகக் கூடாது.

இரண்டு நாள் கழித்து அங்கம்மா மறுபடி வந்தாள். கிரேட்டை இறக்கியதும் யாரும் கேட்காமலே தன் கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். அடியைத் துழாவி, வெளியே எடுத்து, விரல்களை விரித்து ஜூடியின் முகத்துக்கு நேரே காட்டினாள். பொட்டு ஈரமில்லை, உள்ளங்கையில் சுணைதான் ஒட்டியிருந்தது.

ஜூடி அந்தக் கையைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் கையை அதே கிரேட்டுக்குள் அடிவரை விட்டாள்.