வளைவுக்குப் போன கம்பி

எங்கள் வீட்டுக் கக்கூஸ் கதவைத் திறந்தபோது வெளியே தரை இல்லை.

உள்ளே போகும்போது இருந்தது. அதன் மேல் நடந்துதான் போனேன். வீட்டுக்குப் பின்னால், கக்கூஸ் வாசலை ஒட்டியிருந்த அந்தத் தரைதான் செப்டிக் டேங்க்கின் மூடி. நல்ல அகலமான காங்கிரீட் பலகை. மூன்று நாள் மழைக்குப் பிறகு, நான் உள்ளே உட்கார்ந்திருந்த நேரத்தில் அது பெரிய ஏப்பம் ஒன்றை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. சத்தம் எனக்கும் கேட்டது. சுரங்கத்துப் பக்கம் வெடி வைக்கிறார்கள் போல என்று நினைத்து என் வேலையைப் பார்த்தேன். கதவைத் திறந்தால், எங்கள் குடும்பத்தின் பன்னிரண்டு வருடச் சேமிப்பு திறந்து கிடக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஷிஃப்ட் பேருந்தில் என் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட ஓட்டுநரைக் கூப்பிடாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான். குவளையை எடுத்து வாளியில் தட்டினேன். மரியாதையாக, விட்டு விட்டுத் தட்டினேன்.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

“இன்னாங்க, தண்ணி தீந்துபோச்சா?”

“இல்ல.”

“அப்புறம் இன்னாத்துக்குத் தட்டிக்கினு இருக்கீங்க?”

“தரை இல்ல.”

அவள் வந்து பார்த்தாள். “ஸ்தோத்திரம்!” என்றாள். விரல் நசுங்கினாலும் பால் பொங்கினாலும் அவள் வாயில் முதலில் வருவது அதுதான். அதற்குப் பிறகுதான் அலறினாள். தெருவே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு பாய் இரும்புக் கடை வைத்திருப்பவர். கடை ஏணியைக் கொண்டுவந்து குழிக்குக் குறுக்கே படுக்கப் போட்டார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நான் அதன் மேல் தவழ்ந்து வரவேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும், உள்ளேயே குடியிருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

“கீழ பாக்காதீங்க அண்ணே,” என்றார் பாய்.

“பாக்காட்டியும் தெரியுது பாய்.”

“மெதுவாவே வரட்டும்,” என்றாள் எதிர்வீட்டுக்காரி. “போன வேலதான் முடிஞ்சிடுச்சே, இனிமே இன்னா அவசரம்?”

கரை சேர்ந்ததும் மனைவி என் தலையில் கை வைத்து ஜெபித்தாள். கண்ணைத் திறந்து சொன்னாள்: “ஞாயித்துக்கிழம சபையில எழுந்து நின்னு நீங்களே சாட்சி சொல்லணும். நான் ஆண்டவர்கிட்ட பொருத்தன பண்ணிட்டேன்.”

எங்கள் சபையில், ஆண்டவர் செய்த நன்மைக்கு எல்லோர் முன்னாலும் எழுந்து நன்றி சொல்வதற்குச் சாட்சி என்று பெயர். இருபது வருடமாகக் கோரைப்பாய்களை அடுக்கி வைக்கிற மூலையில், கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் அதிலிருந்து தப்பித்து வந்தேன். குழியில் விழுந்திருந்தாலே தேவலை என்று பட்டது.

மேஸ்திரி வந்தார். அன்று அந்தத் தொட்டியைக் கட்டியவரும் அவர்தான். உடைந்த பலகைத் துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

“ஏன் மேஸ்திரி, இத கண்ணத் தொறந்துகினு கட்டனீங்களா, மூடிக்கினு கட்டனீங்களா?” என்றாள் மனைவி. “மனுஷன் போயி கரையேறாம இருந்திருந்தா?”

“வருஷம் ஆயிடுச்சில்லம்மா,” என்றார் மேஸ்திரி. கையிலிருந்த துண்டைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தப் பலகைக்குள் கம்பி பாதிதான் இருந்தது. மீதிப் பாதி எங்கே போனது என்பது உலகத்தில் எனக்கும் மேஸ்திரிக்கும் மட்டும் தெரியும்.

நான் ஒப்பந்தத் தொழிலாளி. சுரங்கத்திலிருந்து நிலக்கரி போகிற பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை அள்ளுவது என் வேலை. சுரங்கக் கம்பெனியின் நகரியத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களின் வீட்டுக்கெல்லாம் நம்பர்தான் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் நகரியத்துக்கு வெளியே சொந்தமாகக் கட்டினேன். நகரியத்து வாசலில் ஆர்ச் கேட் நிற்கிறது. அதன் வழியாகத் தினமும் போய் வந்து எனக்கும் ஒரு ஆசை. என் வீட்டு வாசலிலும் ஒரு வளைவு வேண்டும், அதில் ‘கர்த்தர் தந்த வீடு’ என்று எழுத வேண்டும். அதற்குக் கம்பி போதவில்லை. கக்கூஸ் தொட்டி மூடிக்கு இவ்வளவு கம்பி எதற்கு, அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிப் பாதியை வளைவுக்குத் திருப்பினேன். மேஸ்திரி வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். வாழ்நாளில் நான் பிடிவாதம் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

கழிவு உறிஞ்சும் லாரி வந்தது. வளைவுக்குள் நுழையவில்லை. ஓட்டுநர் இறங்கி, அண்ணாந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“கர்த்தர் தந்த வீடு... கொஞ்சம் ஒசரமா தந்திருக்கக் கூடாதாங்க?”

குழாயை நீட்டி இழுக்க வேண்டியிருந்தது. அதற்குத் தனி வாடகை. தொட்டியின் ஒரு பக்கச் சுவரும் சரிந்திருந்தது. கக்கூஸ் குழாய் நொறுங்கியிருந்தது. மாடியில் ஒரு அறை போட வேண்டும் என்று சேர்த்த பணம் முழுவதும் பூமிக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. அந்த நாட்களில் காலையில் வாளியோடு பாய் வீட்டுக்குப் போய்வந்தோம். அவர் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன் மாதிரி வாசலில் நெளிந்துகொண்டு நின்றேன்.

“பணம் போனா போவுது, உசுரு இருக்குதே, ஸ்தோத்திரம்,” என்பாள் மனைவி. அதே மூச்சில் பின்பக்கம் போய் மேஸ்திரியைப் பிடித்துக்கொள்வாள். நாலு நாள் இப்படியே ஓடியது. ஸ்தோத்திரம் சரியான விலாசத்துக்குத்தான் போனது. திட்டு மட்டும் விலாசம் மாறிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் இல்லாத நேரம் பார்த்து மேஸ்திரியிடம் கேட்டேன்.

“ஏன் மேஸ்திரி, கம்பி விஷயத்த சொல்லாம இருக்கீங்க?”

“நான் சாய்ந்தரமானா எங்க வூட்டுக்குப் போயிடுவேன். நீ இங்கியேதான சோறு துன்னாகணும்?”

சனிக்கிழமை தொட்டியைச் சுத்தமாக இறைத்துவிட்டு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடியில் துணி துவைக்கிற கல் கிடந்தது. அது பலகையின் நடுவில் போட்டிருந்த கல். தினமும் காலையில் நான் கக்கூஸிலிருந்து வந்ததும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் துவைப்பாள். மழையில் காயாது என்று அந்த மூன்று நாள் துவைக்கவில்லை. அதுவரைக்கும் எனக்கு இது உறைக்கவே இல்லை. நான் தவழ்ந்ததையும் ஊர் சிரித்ததையும் நினைத்தே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லை மேலே தூக்கும்போது பாதியிலேயே இறக்கி வைத்துவிட்டேன். கனம் என்று மேஸ்திரி நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனோம். நான் ஒரே ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். ‘பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிய ஆண்டவருக்கு நன்றி’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்தேன், சொன்னேன், பாதி உட்கார்ந்தும்விட்டேன்.

“என்ன ஆபத்துன்னு சபைக்குச் சொல்லுங்க பிரதர்,” என்றார் பாஸ்டர்.

மறுபடி நிமிர்ந்தேன். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் என் வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

“கக்கூஸ்ல இருந்தேன்,” என்றேன். “தொட்டி மூடி உள்ள வுழுந்துடுச்சு.”

“அல்லேலூயா,” என்றது சபை.

“மேஸ்திரி மேல தப்பு இல்ல. மூடிக்குப் போட வேண்டிய கம்பிய நாந்தான் எடுத்து வாசல்ல வளைவுக்குப் போட்டுட்டேன்.”

பழக்க தோஷத்தில் பின்வரிசையில் இரண்டு பேர் அதற்கும் அல்லேலூயா சொன்னார்கள். யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

“அது மேலதான் எங்க வூட்டுல தினம் உக்காந்து துணி துவைப்பாங்க. மழையால அன்னிக்கு உக்காரல. அதுக்குத்தான் நன்றி. எனக்கு ஒண்ணும் ஆகல, அதெல்லாம் பெருசில்ல.”

உட்கார்ந்தேன். பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு பாட்டுப் பாடலாம் என்றார்.

வண்டியில் திரும்பி வரும்போது மனைவி பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் மேல் படாமல் உட்கார்ந்து வந்தாள். வளைவுக்குக் கீழே வண்டியை நிறுத்தியதும் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். “பன்னெண்டு வருஷம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வந்தது. தட்டு வைத்த சத்தம் பாய் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை மேஸ்திரிக்கு, விருந்தாளிக்கு எடுக்கிற டம்ளரில் டீ வந்தது. அவர் டம்ளரையும் என்னையும் பார்த்தார்.

“சொல்லிட்டியா? ஏன்யா? வூட்டுக்காரம்மா திட்டிக்கினே இருந்ததாலதான் வேலை விறுவிறுன்னு நடந்துச்சு. இனிமே யாரு திட்டுவா?”

“நான் இவரத் திட்றேன்,” என்றாள் மனைவி. “நீங்க வேலயப் பாருங்க மேஸ்திரி. அந்த வளைவ ஒடச்சா கம்பி தேறுமா?”

“அத மட்டும் ஒடச்சிடாதம்மா. இந்த வூட்டுலியே அது ஒண்ணுதான் உறுதியா நிக்குது.”

மேஸ்திரி மேல் நாலு நாள் எரிந்து விழுந்தவள், அப்போதுதான் சிரித்தாள். என் பக்கம் திரும்பாமல் சிரித்தாள்.

கம்பியை பாய் தன் கடையிலிருந்தே கொடுத்தார். மேஸ்திரி கட்டக் கட்ட, அவள் குழி ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள். காங்கிரீட் போட்டு, தண்ணீர் கட்டி, மூன்று வாரம் யாரையும் கால் வைக்க விடவில்லை.

மூன்று வாரம் முடிந்த காலையில், அழுக்குத் துணி வாளியோடு வந்து நின்றாள். மேஸ்திரி வந்திருந்தார். மதில் மேலே பாயின் தலை தெரிந்தது. எதிர்வீட்டுக்காரியும் வந்துவிட்டாள்.

“மொதல்ல நீங்க ஏறுங்க,” என்றாள் என்னிடம்.

ஏறி நடுவில் நின்றேன்.

“குதிங்க.”

“எல்லாரும் பாக்கறாங்கம்மா.”

“சபையிலியே சொல்லிட்டீங்க. இங்க இன்னா வெக்கம்? குதிங்க.”

கைலியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். பலகை அசையவில்லை. “ஸ்தோத்திரம்,” என்று என் வாயிலிருந்து தானாக வந்தது.

அவள் வாளியைக் கீழே வைக்கவில்லை.

“இன்னொரு தரம்,” என்றாள்.