பெடல் சும்மா போகிற தூரம்

என் மகளுக்கு வளைகாப்பு முடித்து வீட்டுக்கு அழைத்துவந்த நாளிலிருந்து எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வலி எடுத்தால் அவளை என் காரில் உட்காரவைத்து, நானே ஓட்டிக்கொண்டுபோய், பாண்டியில் அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி வாசலில் இறக்க வேண்டும். சமையலை அவள் அம்மா பார்த்துக்கொள்வாள். மருந்து மாத்திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார். பிள்ளை பெறுகிற விஷயத்தில் என்னால் ஆகக்கூடியது வேறு எதுவும் இல்லை. ஓட்டுவது மட்டும் என்னுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

வீம்பு என்றாள் என் மனைவி. வீம்புதான், இல்லை என்று சொல்லவில்லை. கிருமாம்பாக்கத்தில் இறங்கி, பனித்திட்டு போகிற பக்கமாக உள்ளே வந்தால் எங்கள் ஊர். பஸ்ஸெல்லாம் கடலூர் ரோட்டோடு சரி. நான் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கிய காலத்தில் எங்கள் தெருவில் வேறு கார் கிடையாது. யார் வீட்டில் வலி எடுத்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கட்டின லுங்கியோடு கிளம்பிவிடுவேன். இன்றைக்குத் தெருவில் பந்து அடித்து என் ஜன்னலை உடைக்கிற பயல்களில் பாதிப் பேர், அம்மா வயிற்றில் இருந்துகொண்டு என் பின்சீட்டில் போனவர்கள். திட்டும்போது அதையும் சேர்த்துச் சொல்லித்தான் திட்டுவேன். ஊர்ப் புள்ளத்தாச்சிகளையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவன், சொந்த மகளை எவன் வண்டியிலோ ஏற்றி அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

மாப்பிள்ளைக்குச் சென்னைப் பக்கம் கம்பெனி வேலை. வலி எடுத்ததும் புறப்பட்டு வருவதாக ஏற்பாடு. அவர் ஒருநாள் போனில், "மாமா, புக் பண்ணா வாசலுக்கே கார் வந்துரும், நீங்க இன்னாத்துக்கு சிரமப்படுறீங்க" என்றார். எங்கள் வாசலுக்கு கேஸ் சிலிண்டர் வந்து சேர்வதே பெரும்பாடு. நல்ல பையன், அவரிடம் கோபப்பட முடியாது. அந்தக் கோபத்தையும் என் மனைவியிடமே காட்டினேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கிளட்ச் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதலில் தெரிந்தது, மகளைச் செக்கப்புக்கு அழைத்துக்கொண்டு போனபோது. மெயின் ரோடு ஏறுகிற இடத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது. அதில் மெதுவாக ஏறி இறங்கலாம் என்று கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி குதி. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, மெதுவாப்பா" என்றாள். பக்கத்தில் இருந்த மனைவி, "இன்னாங்க, இப்பதான் வண்டி கத்துக்கிறீங்களா?" என்றாள். அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

என்ன கோளாறு என்று கேட்டால் இப்படித்தான் சொல்ல முடியும். மிதித்தால் பெடல் எந்த இடத்தில் பிடிக்கிறது, விட்டால் எந்த இடத்தில் விடுகிறது என்பதே தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் கேட்காமலே அதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த பெடல் இப்போது வாயை மூடிக்கொண்டது. கியர் போட்டால் பல்லைக் கடிக்கிற சத்தம். பாண்டி போய்த் திரும்புவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள் மனைவி. எங்கள் பக்கத்து மெக்கானிக்கிடம் வண்டியை விட்டால் என்றைக்குத் திரும்பும் என்று அவனுக்கே தெரியாது. இடையில் வலி எடுத்துவிட்டால்? அதுவும் போக, நான் வேலை பார்த்தது ஒரு சோப்புக் கம்பெனியில். பாக்கிங் செக்‌ஷன்தான், சோப்பை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. ஆனாலும் கம்பெனியில் இருந்தவன் என்றால் ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நாளாக ஆக அதை நானும் நம்பிவிட்டேன்.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வீட்டிலேயே கிளட்ச் அட்ஜஸ்ட் செய்வது எப்படி என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார். கிளட்ச் பெடலிலிருந்து ஒரு கேபிள் முன்னால் போகிறது. அதன் நுனியில் ஒரு நட்டு. இறுக்கினால் பெடல் மேலேயே பிடிக்கும், தளர்த்தினால் கீழே போய்ப் பிடிக்கும். பெடலை அமுக்கியவுடன் கொஞ்ச தூரம் அது சும்மா போகும், அதற்குப் பிறகுதான் கனக்கும். அந்தச் சும்மா போகிற தூரம் சரியாக இருந்தால் கிளட்ச் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். "அவ்வளவுதானுங்க" என்று முடித்தார். எனக்கும் அவ்வளவுதான் என்றே தோன்றியது.

மறுநாள் காலையில் வண்டியை வாசல் சிமெண்ட் தரையில் நிறுத்தி பானட்டைத் திறந்தேன். பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்த மனைவியைப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன்.

"மிதிடி."

"மிதிச்சிட்டேன்."

"வுடு."

"வுட்டுட்டேன்."

"எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. எனக்கு இன்னா தெரியும், நான் இன்னா லாரியா ஓட்டுறேன்?"

கை துடைத்துக்கொண்டு நான் போய் உட்கார்ந்து மிதித்தேன். ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் காலை விட்டது போல எங்கேயோ போய் எங்கேயோ நின்றது. இறங்கிப்போய் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். மறுபடி மிதி, வுடு. அவளுக்கு நன்றாக இருந்தது, எனக்கு இல்லை. இன்னும் இறுக்கினேன். "இப்ப கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றாள். ஒரு மாதிரி என்றால் சரியாகிக்கொண்டு வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். குழம்பு தீய்ந்த வாசனை வந்ததும் அவள் திட்டிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். இன்ஜின் ஊரைக் கூட்டுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அளவுக்கு மேல் இறுக்கிவிட்டேன் என்பது எனக்கே புரிந்தது. கருகிய நாற்றத்தோடு தள்ளாடி வீட்டுக்குத் திரும்பினேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் ஒரு காலத்தில் என் பின்சீட்டில் போனவர்கள். ஒருத்தராவது வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

நட்டைத் தளர்த்தினேன். ரொம்பத் தளர்ந்துவிட்டது, கியர் விழவில்லை. மறுபடி இறுக்கினேன். வெயில் ஏறிக்கொண்டே போனது. முதலில் எந்த இடத்தில் இருந்தது என்று அடையாளம் வைக்காமல் தொடங்கிவிட்டேன், இப்போது பழைய கோளாறுக்குக்கூடத் திரும்பிப்போக வழியில்லை. உள்ளே மகள் இருமினால்கூட வலிதான் எடுத்துவிட்டது என்று பயம் வந்தது. பெரியதாக ஒன்றும் கேட்கவில்லை நான். ஒரு நட்டு, ஒரு கேபிள், ஒரு பெடல். அது கூட என் பேச்சைக் கேட்கவில்லை என்றால் ஒரு மனிதன் என்னதான் செய்வது? ஸ்பானரைக் கீழே எறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கினேன்.

கடைசியில் வீடியோவில் சொன்னபடி, உட்காராமல் வெளியே நின்று குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். சும்மா போகிற தூரம் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் காட்டிய அளவேதான் இருந்தது. அதற்கு மேல் கனமாக, கெட்டியாக எதிர்த்தது. அப்பாடா என்று ஏறி உட்கார்ந்து காலை வைத்தேன். மறுபடி ஒன்றும் இல்லை. கையை வைத்தால் இருக்கிறது, காலை வைத்தால் காணோம்.

எனக்கு அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. செருப்புதான் காரணம் என்று கண்டுபிடித்தேன். புதுச் செருப்பு, தடி அட்டை. இதைப் போட்டுக்கொண்டு மிதித்தால் எப்படித் தெரியும்? கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு வண்டிக்கு முன்னாலும் உள்ளேயுமாக நடந்தேன். நட்டைத் திருகாமல் தொட்டுப் பார்ப்பது, பெடலை மிதிப்பது, மறுபடி நட்டு, மறுபடி பெடல்.

மகள் எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் நர்ஸ். வயிறு பெரிதாகும்வரை ட்யூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் சர்க்கரையைப் பற்றித்தான் அவளுக்கும் எனக்கும் சண்டை. எனக்குச் சர்க்கரை உண்டு, அதற்கு மாத்திரையும் உண்டு, இரண்டும் சந்தித்துக்கொள்வது எப்போதாவதுதான்.

"தரை சுடலையாப்பா?" என்றாள்.

"நமக்கா? காடு மேடெல்லாம் நடந்த காலுடீ இது."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அவள் அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். வாசல் சிமெண்டில் அவ்வளவு வெயில்.

"நவுருப்பா. நான் பாக்குறேன்."

ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் வயிற்றை நுழைக்கவே சீட்டை நன்றாகப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. கால் எட்டுமா என்று பார்த்தேன், நுனிக்கால்தான் எட்டியது. ஸ்டார்ட் செய்தாள். கேட் வரைக்கும் முன்னால் போனாள், ரிவர்ஸில் வந்தாள், மறுபடி போனாள். ஒரு குதிப்பு இல்லை, ஒரு சத்தம் இல்லை. ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான், எனக்குத் தெரியும், கிளட்ச் அவ்வளவு மெத்தென்று இருந்தது.

"கிளட்ச் நல்லா இருக்குதுபா" என்று சாவியை என் கையில் கொடுத்தாள்.

"நல்லா இருக்குதா? அப்ப நான் இன்னா பைத்தியக்காரனா, காலையிலேருந்து இங்க வெயில்ல கூத்தடிக்கிறனா?" என்று கத்தினேன். அவள் திருப்பிப் பேசாதது எனக்குப் பிடிக்கவில்லை.

கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு உட்காரச் சொன்னாள். அவளால் குனிய முடியாது. அதனால் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைக்கச் சொன்னாள்.

"வயித்துப் புள்ளக்காரி மேல காலை வைக்கச் சொல்றியே, உனக்கு அறிவு இருக்குதா?"

"ஆஸ்பத்திரில எத்தன பேரு காலப் புடிச்சிருக்கேன். வைப்பா."

வயிறு போக மிச்சம் இருந்த மடியில் என் வலது காலை எடுத்து வைத்துக்கொண்டாள். கிரீஸும் மண்ணுமாக இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள்.

"கண்ண மூடிக்கோ. நான் தொட்டதும் சொல்லணும். சும்மா சொல்லக் கூடாது."

மூடிக்கொண்டேன். குதிகாலில் பட்டது, சொன்னேன். நடுப்பாதத்தில் பட்டது, கூசியது, சொன்னேன். விரல் பக்கம் வந்தபோது கொஞ்சம் யோசித்துச் சொன்னேன். பரவாயில்லை, பாஸ் பண்ணிவிடுவேன் என்று நினைத்தேன். சாயங்காலம் நட்டைச் சரியாக முடுக்கிவிட்டு, மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்வந்தால் கைக்குப் பழகிவிடும். வலி எப்போது எடுத்தாலும் எடுக்கட்டும், நான் தயார்.

"அந்தக் கால் குடு" என்றாள். கிளட்ச் மிதிக்கிற கால்.

மாற்றி வைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை, ஏமாற்றினேன் என்று சொல்லிவிடக் கூடாது. அடுக்களையில் குக்கர் சத்தம் போட்டு அடங்கியது. ரோட்டில் பஸ் ஹாரன் தூரத்தில் கேட்டது. அவளுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கியது. இந்த வயிற்றோடு கார் ஓட்டியது, பிறகு இப்படி உட்கார்ந்திருப்பது. களைத்திருப்பாள், கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொள்ளட்டும் என்று பொறுமையாக இருந்தேன். பிறகு நானே சொன்னேன்.

"ம், ஆரம்பிம்மா."

இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்.

"இன்னாம்மா, முடியலையா? கொஞ்ச நேரம் படுத்துட்டு அப்புறம் பாக்கலாமா?"

"அப்பவே ஆரம்பிச்சிட்டேன்பா" என்றாள்.

கண்ணைத் திற என்று அவள் சொல்லவில்லை. நானும் திறக்கவில்லை. கையில் இருந்த சாவியை அவள் பக்கமாக நீட்டினேன். வெகுநேரம் நீட்டிக்கொண்டே இருந்தேன், யாரும் வாங்கவில்லை.